ஒட்டகத்திலிருந்து இறக்கிய வீடு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹெலிகாப்டர் வரவில்லை.

நான் ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி, "சார், அந்த மங்கோலியா கதையச் சொல்லுங்க. பனிமலைல விழுந்த அம்மாவ ஹெலிகாப்டர் வச்சுத் தூக்கிட்டு வந்தீகளாமே" என்று கேட்டாள். பக்கத்திலிருந்தவர்கள் ஆளுக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். கழுகு பறந்து வழி காட்டியதாம். நான் ஆற்றைக் குதிரையில் நீந்திக் கடந்தேனாம். உண்மையில் நான் குதிரையில் ஏறினால், குதிரை போகிற பக்கம் நானும் போவேன், அவ்வளவுதான். அன்று நடந்தது வேறு. அதில் என் சாமர்த்தியம் என்று சொல்ல அதிகமில்லை. அதனால்தான் அதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

எனக்குச் சொந்த ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். படிப்பு ஏறவில்லை. சிவகாசியிலிருந்து காசிக்குப் போகும் யாத்திரை பஸ்ஸில் சமையலுக்கு எடுபிடியாக ஏறினேன். காய் நறுக்கினேன், பிறகு சமைத்தேன், பிறகு கணக்குப் பார்த்தேன். இந்தி வந்தது, அரைகுறையாக இங்கிலீஷும் வந்தது. பஸ் போய் ரயில் வந்தது, ரயில் போய் விமானம் வந்தது. சிங்கப்பூர், மலேசியா, அப்புறம் ஐரோப்பா. பட்டாசுக் கம்பெனிக்காரர்கள், அச்சகத்துக்காரர்கள், விருதுநகர் பருப்பு மண்டிக்காரர்கள் என்று நம் பக்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திரும்பக் கூட்டி வருவதுதான் என் வேலையாக இருந்தது.

அந்த வேலையை எனக்குக் கற்றுத் தந்தவர் எங்கள் கம்பெனியை நடத்திய தனலட்சுமி அக்கா. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். அவ்வளவுதான். அவர் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிடுவோம்.

எங்கள் அலுவலகம் ஓர் அச்சகத்துக்கு மேலே இருந்தது. ஏறி வரப் படிகள் செங்குத்தாக இருக்கும். லிஃப்ட் கிடையாது. வியாபாரம் நன்றாக நடந்த காலத்தில் கீழே நல்ல இடம் கிடைத்தும் அக்கா மாறவில்லை. ஏனென்று பல வருஷம் எனக்குத் தெரியாது. ஒரு நாள் அவரே சொன்னார். "பாண்டி, டூருக்குப் பேரு குடுக்க வர்றவுக இந்தப் படிய எப்படி ஏறி வர்றாகன்னு பாரு. எங்கன நிக்கிறாக, எந்தக் கால முதல்ல வைக்கிறாக, வந்து உக்காந்ததும் பேசுறாகளா தண்ணி கேக்குறாகளா. டாக்டர் சீட்டுல இருக்கிறது அதுக்கப்புறம்தான்."

வந்தவர்களிடம் அவர் ஊர்களைப் பற்றி அதிகம் பேச மாட்டார். என்ன மாத்திரை போடுகிறீர்கள், தூங்க எத்தனை தலையணை வேண்டும், வாங்கிய புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்த்தீர்களா என்றுதான் கேட்பார். நாங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் சாயங்காலம் போன் வரும். எப்போதும் அதே கேள்விகள்தான். "எல்லாரும் சாப்பிட்டாகளா? எல்லாருக்கும் தூக்கம் வந்துச்சா? யாரு மொகம் வாடியிருக்கு?" மூன்றாவது கேள்விக்கு, யாரும் இல்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். "நல்லாப் பாத்துட்டுக் கூப்பிடு" என்று வைத்துவிடுவார்.

சில வருஷங்களுக்கு முன், வழக்கமான ஊர்கள் சலித்துப்போன சிலருக்காக மலைப் பயணங்கள் தொடங்கினோம். மங்கோலியாவின் மேற்கு மூலையில் அல்தாய் மலைகள் இருக்கின்றன. அங்கே கசாக் மக்கள் ஆடு, குதிரை, ஒட்டகங்களோடு பருவத்துக்குப் பருவம் இடம் மாறி வாழ்கிறார்கள். கழுகை வளர்த்து வேட்டைக்குப் பழக்குகிறவர்கள். வேனிலும் குதிரையிலுமாக அந்த மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி வருவது எங்கள் திட்டம்.

அதற்குப் பெயர் கொடுக்க விருதுநகரிலிருந்து சொர்ணம் அம்மா வந்தார். அறுபதைத் தாண்டியவர். வத்தல், பருப்பு வியாபாரம் செய்யும் குடும்பம். கணவர் காலமாகியிருந்தார். டிவியில் எங்கோ கழுகுக்காரர்களைப் பார்த்திருக்கிறார். மகன் சேகர் வேண்டவே வேண்டாம் என்று கூடவே வந்து சண்டை போட்டான்.

"அம்மாவுக்கு வயசாச்சு. அங்கன ஆஸ்பத்திரி கூட இருக்காது. வேணும்னா சிங்கப்பூருக்கு அனுப்புங்க."

சொர்ணம் அம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவிடம், "பங்குனிப் பொங்கலுக்கு வருசா வருசம் அக்கினிச் சட்டி எடுக்கிறவ நான். இந்தப் படிய ஏறி வந்தேன், மூச்சு வாங்குச்சான்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அக்கா சிரித்துவிட்டார். மூச்சு வாங்கவில்லை என்பதை அவர் ஏற்கெனவே கவனித்திருந்தார்.

ஆகஸ்ட் கடைசியில் போனோம். தலைநகரிலிருந்து சின்ன விமானத்தில் ஓல்கி என்னும் ஊர், அங்கிருந்து பாதையே இல்லாத பாதையில் வேன், பிறகு குதிரை. சொர்ணம் அம்மா மருமகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாகக் குதிரையில் உட்கார்ந்தார். ஒரு கூடாரத்தில் கழுகைக் கையில் வைத்துக்கொள்ளக் கொடுத்தார்கள். கண்ணுக்குத் தோல் மூடி போட்டிருந்த அந்தப் பெரிய பறவையின் பாரம் தாங்காமல் அவர் கை இறங்கியது. "ஒரு மூட பருப்பு கனம் இருக்குலே" என்று அதனிடமே சொன்னார். அதை நான் படம் எடுத்திருக்கிறேன். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கடைசி நாள் சவாரியில்தான் விபத்து நடந்தது. ஒரு கணவாயைத் தாண்டிக் கீழே இறங்கி, ஓர் ஆற்றைக் கடந்து, அக்கரையில் நிற்கும் வேன்களுக்குப் போக வேண்டும். மற்றவர்கள் இன்னொரு வழிகாட்டியோடு முன்னால் போய், மதியத்துக்கு முன்பே ஆற்றைக் கடந்துவிட்டார்கள். சொர்ணம் அம்மாவின் குதிரை மெதுவாகத்தான் வந்தது. அவரோடு நானும், செரிக் என்ற கசாக் வழிகாட்டியும் பின்தங்கி வந்தோம். செரிக் ஆங்கிலம் பேசுவான், முப்பது வயதுக்காரன், நிதானமானவன்.

அந்தச் சரிவு முழுக்க மலை எலிகள் தோண்டிய வளைகள். பூனையைவிடப் பெரிய எலிகள் அவை. குதிரையின் முன்கால் ஒரு வளைக்குள் இறங்கியது. குதிரை தடுமாறி எழுந்துகொண்டது. சொர்ணம் அம்மா எழவில்லை.

ஓடிப் போய்ப் பார்த்தேன். வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. இடுப்புக்குப் பக்கத்தில் எலும்பு முறிந்தால் அப்படித்தான் திரும்பும் என்று முதலுதவி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். காலை நேராக்க முயலவில்லை. இரண்டு கால்களுக்கும் நடுவில் என் ஸ்வெட்டரை மடித்து வைத்து, அவருடைய சால்வையால் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"குதிரைக்கு ஒண்ணும் ஆகலையே தம்பி?"

கீழே புல்வெளியில் ஆட்கள் தெரிந்தார்கள். செரிக் குதிரையை விரட்டிக்கொண்டு போய், நான்கு பேரோடு திரும்பினான். அவர்கள் இரண்டு நீளக் கழிகளையும் ஒரு பெரிய கம்பளி விரிப்பையும் கொண்டுவந்தார்கள். அதைத் தூளி போலக் கட்டி, அவரை அதில் மாற்றி, ஆளுக்கொரு முனையாகச் சுமந்தார்கள். சரிவில் அவர்கள் கால் ஒருமுறைகூடச் சறுக்கவில்லை.

கீழே போனபிறகுதான் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் புரிந்தது. இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். கோடைக்கால மேய்ச்சல் முடிந்து, பனிக்கு முன் கீழே இறங்கும் நாள் அது. கூடாரம் இருந்த இடத்தில் வட்டமாக வெளிறிய புல் மட்டும் இருந்தது. சுவர்ச் சட்டங்கள், கம்பளிகள், பெட்டிகள், அடுப்பு, தொட்டில் எல்லாம் ஒட்டகங்களின் முதுகில் ஏறிவிட்டன. ஆடுகளை மூத்த மகன் முன்னாலேயே ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தக் குடும்பத்தின் தலைவர் பெயர் போலாத். மனைவி ஐகுல். சொர்ணம் அம்மாவைத் தூக்கி வந்தவர்கள் போலாத்தும் அவருடைய தம்பிகளும்.

ஆற்றைப் பார்த்தேன். மலையுச்சியில் வெயிலில் உருகும் பனிதான் அந்த ஆறு. காலையில் முழங்காலளவு ஓடும். சாயங்காலம் கலங்கிப் பெருகி, கல்லை உருட்டிக்கொண்டு போகும். அக்கரையில் எங்கள் வேன் நின்றது. எங்கள் ஆட்கள் கையாட்டுவதும் தெரிந்தது. ஆனால் வேன் இறங்க முடியாது.

செரிக்கிடம் செயற்கைக்கோள் போன் இருந்தது. இன்சூரன்ஸ்காரர்களைக் கூப்பிட்டோம். மலைமேல் மேகம் இருப்பதால் ஹெலிகாப்டர் பற்றி மறுநாள்தான் சொல்ல முடியும் என்றார்கள். சேகரைக் கூப்பிட்டேன்.

"என்னண்ணே சொல்றீக? ஆறு தானே? குதிரைல வச்சுக் கட்டிக் கடந்துர வேண்டியதுதானே? அங்கிட்டு வேன் நிக்குதுன்னு சொல்றீக. பனி விழுந்து ரோடு அடைச்சுப் போச்சுன்னா என்ன பண்ணுவீக?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வடக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. இரவில் பனி கொட்டினால் மறுநாள் வேனே நகர முடியாமல் போகலாம். இப்போதே கடந்தால், ஆற்றில் குதிரை ஒருமுறை சறுக்கினாலும் அந்தக் கால் என்னாகும், ஆள் என்னாவார் என்று தெரியாது. காத்திருப்பது என்றால், எங்கே காத்திருப்பது? கூரை ஒட்டகத்தின் மேல் இருந்தது. என் கூடாரமும் மருந்துப் பெட்டியும் அக்கரையில் இருந்தன.

அக்காவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டிருப்பார் என்று நினைத்தேன்.

"அந்த ஊர்க்காரரு என்ன சொல்றாரு?"

"இப்பக் கடக்க வேணாம், விடிஞ்சா தண்ணி வத்திரும்ங்கிறாரு அக்கா. ஆனா பனி வந்தா என்ன பண்றதுன்னு கேட்டா, மேல பாக்குறாரே தவிர பதில் சொல்லல."

"அப்படிக் கேக்காத பாண்டி. அவரு அம்மா இப்படி விழுந்து கிடந்தா அவரு என்ன பண்ணுவாருன்னு கேளு. அவரு என்ன சொல்றாரோ அதச் செய்யி. சேகருட்ட நான் பேசிக்கிறேன்."

நான் செரிக்கிடம் சொன்னேன், செரிக் போலாத்திடம் கேட்டான். போலாத் சொர்ணம் அம்மாவைப் பார்த்தார். அப்புறம் ஐகுலைப் பார்த்தார். ஐகுல் லேசாகத் தலையசைத்தார். போலாத் முன்னால் நின்ற ஒட்டகத்தின் கயிற்றை இழுத்து மண்டியிட வைத்தார். கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.

என்ன செய்கிறார் என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. வீட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. தம்பிகள் இரண்டாவது ஒட்டகத்தை மண்டியிட வைத்தார்கள். சட்டங்களை விரித்து வட்டமாக நிறுத்தினார்கள். கூரைக் கழிகளைச் செருகினார்கள். தூளிக்கு எடுத்த கழிகளும் அவைதாம் என்று அப்போதுதான் தெரிந்தது. கம்பளிகளை மேலே வீசி, கயிறு சுற்றி இறுக்கினார்கள். காலையில் இருந்து பாடுபட்டுப் பிரித்துக் கட்டியதை, ஒருவர் முகத்திலும் சலிப்பில்லாமல் திரும்ப எழுப்பினார்கள். அவர்கள் மொழியில் அதன் பெயர் 'கீஸ் உய்', கம்பளி வீடு. முதல் பனித்துளி விழும்போது சொர்ணம் அம்மா அதற்குள் மெத்தைமேல் படுத்திருந்தார், அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அடுப்பில் வரட்டிதான் எரித்தார்கள். அந்த வாசனையை மோந்ததும் சொர்ணம் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஐகுல் ஒரு கிண்ணத்தில் டீ கொடுத்தார். பாலும் உப்பும் போட்ட டீ. ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உப்புப் போட்டிருக்காக தம்பி."

"இங்கன அப்படித்தாம்மா. பிடிக்கலன்னா வேற சொல்றேன்."

"யாரு பிடிக்கலன்னு சொன்னது? பழைய சோத்து நீச்சத்தண்ணி மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் கேளு."

பிறகு ஒரு சங்கடம் வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அசைய முடியாத ஒரு பெண்ணுக்கு என்ன தேவை என்று எனக்குப் புரிந்தது. கூட வந்த பெண்கள் எல்லாரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம். என்ன செய்வதென்று நான் விழித்தேன். ஐகுல் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். ஒரு பேசினைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னையும் செரிக்கையும் தம் புருஷனையும் வெளியே போகச் சொல்லி விரலை நீட்டினார்.

நாங்கள் பனியில் நின்றோம். உள்ளே இரண்டு பெண்களும் பேசும் சத்தம் கேட்டது. ஒருவர் கசாக்கில், ஒருவர் தமிழில். நடுவில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. திரும்ப உள்ளே போனபோது, சொர்ணம் அம்மாவின் முகம் துடைத்து, தலை சீவிப் பின்னலிட்டிருந்தது.

"என்னம்மா பேசுனீக?" என்று கேட்டேன்.

"அவுக பாட்டுக்குப் பேசுனாக, நான் பாட்டுக்குப் பேசுனேன். அவுகளுக்கு ரெண்டு பயலுக, ஒரு பொண்ணு. பொண்ணு தொலவுல கட்டிக் குடுத்திருக்கு. அதான் எனக்கு விளங்குச்சு."

பிறகு செரிக்கிடம் விசாரித்தேன். சரியாகத்தான் விளங்கியிருந்தது.

என் பையில் சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம் இருந்தது. அதைப் பிரித்து வைத்தேன். போலாத் காரம் தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்றார். என் பையிலேயே கிடந்த வலி மாத்திரையைப் போட்டிருந்தும் சொர்ணம் அம்மாவுக்குத் தூக்கம் விட்டு விட்டுத்தான் வந்தது. நான் விழிக்கும்போதெல்லாம் ஐகுல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் சூடாக இருக்கின்றனவா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

விடிந்தபோது புல்வெளி வெளுத்திருந்தது. பனி மெல்லியதாகத்தான் விழுந்திருந்தது. ஆறு இறங்கியிருந்தது. போலாத் குதிரையில் நடு ஆற்றுவரை போய் ஆழம் பார்த்து, கையை உயர்த்தி வேனுக்குச் சைகை காட்டினார். வேன் மெதுவாக இறங்கி, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு இந்தக் கரை ஏறி, கூடார வாசலுக்கே வந்தது. இருக்கைகளை எடுத்துவிட்டு, மெத்தையோடு அவரை உள்ளே ஏற்றினோம். ஐகுல் தம் தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து, சொர்ணம் அம்மாவின் தலையில் கட்டிவிட்டார். சொர்ணம் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விட மனசில்லாமல்தான் விட்டார்.

வேன் நகர்ந்ததும் பின்கண்ணாடியில் பார்த்தேன். கூரையின் கம்பளியை மறுபடியும் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

குலுங்கிக் குலுங்கி ஓல்கி ஆஸ்பத்திரி, அங்கிருந்து தலைநகரம், அறுவை சிகிச்சை. சேகர் அங்கே வந்து சேர்ந்தான். அம்மாவைப் பார்த்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவர், "இம்புட்டுப் பெரிய மனுசன் அழலாமால?" என்று அவன் தலையைத் தடவினார். அங்கிருந்த மருத்துவர், கால் அசையாமல் வந்ததால்தான் காரியம் சுலபமாயிற்று என்றார். அன்றைக்கு ஆற்றில் இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை, சேகரும் கேட்கவில்லை. சில மாதங்களில் சொர்ணம் அம்மா கைத்தடியோடு நடந்தார். அடுத்த பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச் சட்டி எடுக்க முடியவில்லை. கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எடுத்தவர்களுக்கு மோர் ஊற்றினார்.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு கோடையில் இன்னொரு குழுவோடு அல்தாய்க்குப் போனேன். செரிக் என்னைப் போலாத்தின் கூடாரத்துக்குக் கூட்டிப்போனான். வேறு ஒரு பள்ளத்தாக்கு. சொர்ணம் அம்மா கொடுத்தனுப்பிய சுங்குடிச் சேலையை ஐகுல் மடியில் விரித்து விரித்துப் பார்த்தார். டீ குடித்துக்கொண்டே மேலே பார்த்தேன். புகை பிடித்துக் கறுத்த பழைய கூரையில் கூரைக் கழிகள் எல்லாம் வந்து கூடும் உச்சி வளையம் மட்டும் புது மரமாக, வெள்ளையாக இருந்தது. பேச்சுவாக்கில், எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

போலாத் வேறு எதையோ பேசினார். நான் செரிக்கைப் பார்த்தேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அன்று நாங்கள் போனபின் அவர்கள் கிளம்பிய வழியில் இன்னொரு கணவாய் இருந்தது. முந்தின நாளே போயிருந்தால் காய்ந்த தரையில் கடந்திருப்பார்கள். அவர்கள் போனபோது பாதை உறைந்திருந்தது. முன்னால் போன ஒட்டகம் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. அதைக் காப்பாற்ற முடியவில்லை. உச்சி வளையம் அதன் முதுகில்தான் இருந்தது. போலாத்தின் அப்பா தம் கையால் செய்த வளையம்.

"கணவாய் உறையும்னு அன்னைக்கே அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

செரிக் கேட்டுச் சொன்னான். "வடக்கே மேகத்தைப் பார்த்தபோதே தெரியுமாம்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

போலாத் என் கிண்ணத்தை வாங்கித் திரும்ப நிரப்பினார். பிறகுதான் பதில் சொன்னார். செரிக் அதை அப்படியே மாற்றிச் சொன்னான்: "சொல்லியிருந்தால் அந்த அம்மா எப்படி நிம்மதியாகப் படுத்திருப்பார்?"

ஊர் திரும்பியதும் விருதுநகர் போனேன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் சொன்னேன். சொர்ணம் அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். வாசலில் பருப்பு லோடு இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஓய்ந்தபிறகுதான் கேட்டார்.

"அந்த ஒட்டகத்துக்குப் பேரு வச்சிருந்தாகளா தம்பி?"

"கேக்கலையேம்மா."

"கேட்டிருக்கலாம்ல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தனலட்சுமி அக்கா இப்போது இல்லை. எனக்கும் வேலை முடிந்துவிட்டது. கூட்டிக்கொண்டு போனவர்களில் பலரின் முகம் மறந்துவிட்டது. ஆனால் ஆவணி பிறந்து, சிவகாசி வெயில் கொஞ்சம் தணியும் நாட்களில் விருதுநகரிலிருந்து ஒரு போன் தவறாமல் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. எடுத்ததும் அந்தக் கேள்விதான்.

"தம்பி, இந்நேரம் அவுக கீழ இறங்கியிருப்பாகளா?"

அங்கே வானம் எப்படி இருக்கிறது என்று செரிக்குக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் நான் பதில் சொல்வேன்.

"இறங்கிட்டாகம்மா. பனி இன்னும் விழல."